மல்லாட்டை இன்னா பழம் தின்னுச்சு?

முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே படிக்கிற என் வயசுக்காரங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதறேன். சின்னப் புள்ளைங்ககிட்ட சொன்னா "அதான் வீடியோவுல இருக்குதே"ன்னு போனை நீட்டுதுங்க. போன வாரம் என் பேத்தி காமிச்சா. ஒரு செல்லு உப்புது, நடுவுல இடுப்பு சிறுக்குது, ரெண்டாவுது, நாலாவுது, கூடவே பாட்டு வேற. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா நாம பார்த்தது வேற. நாம பார்த்தது வெங்காய வேரு. அதைப் பார்க்க ஒரு கண்ணை மூடிக்கணும், மூச்சைப் புடிச்சுக்கணும், பின்னாடி நிக்கிறவ "சீக்கிரம்டி"ன்னு ஜடையை இழுக்கறதையும் தாங்கிக்கணும்.

எண்பதுகள்ல, செஞ்சியில பிளஸ் ஒன் படிச்சேன். தாவணி புதுசு. எங்க தெருவுல பத்தாவது தாண்டின மொதப் பொண்ணு நான்தான். அதுவும் சயின்ஸ் குரூப். அந்தத் திமிர்ல குழாயடிக்குப் போனாக்கூட புத்தகத்தை இடுக்கிக்கிட்டுப் போவேன். யாராவது கேக்கட்டும்னுதான். ஒருத்தரும் கேக்கல.

எங்க தாவரவியல் டீச்சர் திண்டிவனத்துலேர்ந்து பஸ்ல வருவாங்க. ஒல்லியா இருப்பாங்க, கஞ்சி போட்ட காட்டன் புடவை, பஸ்ல நசுங்கி வர்ற கனகாம்பரம். ஒரு நாள் செல் பகுப்பு பாடம் ஆரம்பிச்சு ரெண்டு படம் போட்டவங்க, சாக்பீஸைக் கீழ வெச்சுட்டாங்க. "படத்துல பார்த்தா செத்த பாடம். எல்லாரும் வீட்ல ஆளுக்கொரு வெங்காயம் வளர்த்துக் கொண்டாங்க"ன்னாங்க. அடியில காஞ்சு போன வேரைச் சுரண்டிடணும். பாட்டில் வாயில வெங்காயத்தைக் குந்த வெச்சு, அடி மட்டும் தண்ணியில படற மாதிரி விடணும். புது வேரு வரும். அந்த வேரோட நுனியிலதான் செல்லுங்க ஓயாம பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனாலதான் வேரு நீளுதுன்னு சொன்னாங்க.

பழைய ஊறுகாய் பாட்டில் ஒண்ணைக் கழுவி, பெரிய வெங்காயமாப் பார்த்து வெச்சேன். வெளியில வெச்சா மலையிலேர்ந்து வர்ற குரங்கு தூக்கிட்டுப் போயிடும். அதனால நடுரூம் ஜன்னல்ல, உள் பக்கமா வெச்சேன். காலையில வெயிலு கோட்டை மலையைத் தாண்டி வந்து அந்தத் தண்ணியில விழும். சுவத்துல ஒரு வெளிச்சம் நெளியும். நான் பாயிலேர்ந்து எழுந்திரிக்காம அதையே பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன். தண்ணிக்குள்ள வெள்ளை வெள்ளையா வேரு இறங்கியிருக்கும். ராத்திரி நான் தூங்கின நேரத்துல இதுங்க தூங்காம பிரிஞ்சுக்கிட்டே இருந்திருக்குதுங்கன்னு நெனைச்சா உடம்பெல்லாம் ஒரு மாதிரி கூசும். நானும் அப்படித்தான் வளர்றேனான்னு கையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன்.

எங்க வீட்ல நைனா, அம்மா, அண்ணன், அண்ணி, நான், அப்புறம் அத்தை. நைனா மார்க்கெட் கமிட்டியில மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தாரு. அண்ணன் லாரிக்குப் போயிடுவான். அண்ணி தொண்டூர்லேர்ந்து வந்த பொண்ணு, வந்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு, வயித்துல அஞ்சு மாசம். அத்தை நைனாவோட அக்கா. கட்டிக் குடுத்த எடத்துலேர்ந்து திரும்பி வந்து, நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்தே எங்ககூட இருந்துச்சு. புள்ளை இல்ல. மலடின்னு தெருவே சொல்லும், சண்டையில முகத்துக்கு நேராவே சொல்லும். அத்தை அதுக்கு மட்டும் பதில் பேசாது. மத்தபடி அது வாயைத் தாண்டி ஒருத்தரும் போக முடியாது.

ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தா ஜன்னல்ல பாட்டிலைக் காணோம். வாசல்ல கற்பூர வாசனை. அண்ணி நெத்தி நிறைய துண்ணூறோட திருதிருன்னு முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குது.

"என் வெங்காயம் எங்க?"

"உன்துதானா அது? அய்யோ, எனக்குத் தெரியாதே"ன்னுச்சு அண்ணி. "பெரிம்மா பார்த்துட்டு, எவளோ செய்வினை வெச்சுட்டான்னு என்னை மூணு சுத்து சுத்தி முச்சந்தியில போட்டு ஒடைச்சுட்டாங்க." அண்ணி அத்தையைப் பெரிம்மான்னுதான் கூப்பிடும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முச்சந்தியில பாட்டில் சுக்கு நூறா கெடக்குது. வெங்காயத்தை ஒரு மாடு மோந்து பார்த்துட்டு வேணாம்னு போயிடுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வீட்டுக்கு வந்து, "படிக்கிற புள்ளை வெச்ச வெங்காயம் அத்த அது! உனக்கு அறிவு இருக்குதா?"ன்னு கத்தினேன்.

"மாசமா இருக்கிறவ தலைமாட்டுல, தண்ணிக்குள்ள நரைச்ச மயிரு மாதிரி தொங்குது. நான் இன்னான்னு நெனைக்கிறது? வெங்காயத்தை வெட்டித் தின்னத்தான் பார்த்திருக்கிறேன். எவ வீட்லடி குளிப்பாட்டுறாங்க?"ன்னுச்சு அத்தை. அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. அத்தை சிரிக்கல. மறுபடியும் அண்ணி நெத்தியில துண்ணூறை அள்ளிப் பூசுச்சு. அப்ப எனக்கு என் வெங்காயம்தான் பெருசா இருந்துச்சு. அதோட பயத்தை இத்தினி வருஷம் கழிச்சுத்தான் நெனைச்சுப் பார்க்கறேன்.

விஷயம் இன்னான்னா, அந்த வாரம்தான் நர்ஸம்மா அண்ணி வயித்துல குழாயை வெச்சுப் பார்த்துட்டு, "ரெண்டு எடத்துல துடிப்பு கேக்குது. ரெட்டை மாதிரி தெரியுது. பிரசவம் ஆஸ்பத்திரியிலதான், வீட்ல வேணாம்"னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. அண்ணன் மிட்டாய் வாங்கிட்டு வந்தான். அத்தை அதைத் தொடல. அண்ணியைக் கூப்பிட்டு ஒக்கார வெச்சு, "ரெட்டைப் பழம் தின்னியா?"ன்னு கேட்டுச்சு.

உங்களுக்குச் சொல்ல வேணாம், நம்ம வீடுங்கள்ல எல்லாம் இருந்த வழக்கம்தான். ஒட்டிப் பொறந்த வாழைப்பழத்தைப் பொம்பளைங்க தின்னக் கூடாது, ரெட்டைப் புள்ளை பொறந்துடும். சீப்புல ஒண்ணு இருந்தாப் பிச்சு ஆம்பளைங்களுக்குக் குடுத்துடுவாங்க. அண்ணி விவரம் தெரியாத பொண்ணு. "வல்லத்துல கல்யாணத்துக்குப் போனமே பெரிம்மா, அங்க பந்தியில வெச்சாங்க, தின்னுட்டேன்"னு ஒத்துக்கிச்சு. அத்தை தலையில அடிச்சுக்கிச்சு.

அன்னியிலேர்ந்து வீட்ல நிம்மதி இல்ல. "அவளை இப்பவே தொண்டூருக்கு அனுப்பிடுங்க. இந்த வீட்ல ரெட்டை தங்காது"ங்கறதையே அத்தை திரும்பத் திரும்பச் சொல்லும். அம்மா, "ஆஸ்பத்திரி இங்க இருக்குது, வயித்துப் புள்ளைக்காரியை அங்க அனுப்பி இன்னா பண்றது? ஒரு அவசரம்னா வண்டி கெடைக்குமா?"ன்னு கேக்கும். "இங்க வேணாம்னா வேணாம்"னு கத்தும் அத்தை. ஒரு நாள் அம்மா பொறுக்க முடியாம, "உனக்கு இல்லாத புள்ளை அவளுக்கு ரெண்டா வருதுன்னு வயித்தெரிச்சல்"னு சொல்லிடுச்சு. நைனா சாப்பிட்டுக்கிட்டு இருந்த தட்டை வெச்சுட்டு எழுந்து வெளிய போயிட்டாரு. அம்மாவைத் திட்டவும் இல்ல, அத்தையைச் சமாதானப்படுத்தவும் இல்ல. அவருக்கு உண்மை தெரிஞ்சிருந்துச்சு. அதை மட்டும் என்னால இன்னிக்கு வரைக்கும் மன்னிக்க முடியல.

நானும் அம்மா கட்சிதான். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைக்கிற வயசு. அத்தை பொறாமை புடிச்சவன்னே முடிவு பண்ணிட்டேன். அண்ணி மட்டும் ஜன்னலோரம் ஒக்காந்துக்கிட்டு, வயித்துல கையை வெச்சு, "நான் இன்னா பண்ணினேன்? ஒரு பழம்தானே?"ன்னு தானே கேட்டுக்கும். அது அழுவறதைப் பார்க்க முடியாம நான் திரும்பிப் படுத்துக்குவேன்.

ரெண்டாவது வெங்காயத்தை ஸ்கூல்லயே வெச்சு வளர்த்தேன். வேரு விரல் நீளம் வந்ததும் டீச்சர் ஒரு நாள் விடிகாலையில வரச் சொன்னாங்க. மொத பஸ்ஸைப் புடிச்சு அவங்களும் வந்துட்டாங்க. விடியற நேரத்துலதான் வெங்காய வேருல நிறைய செல்லு பிரியுமாம். நுனியை வெட்டி, மருந்துல ஊற வெச்சு, கண்ணாடி வில்லையில வெச்சு சிவப்புச் சாயம் ஒரு சொட்டு. மை பாட்டில்ல திரி போட்டுப் பண்ணின ஸ்பிரிட் விளக்குல லேசா சூடு காட்டி, மேல மெல்லிசு கண்ணாடியை மூடி, கட்டைவிரலால ஒரே அழுத்து. புளிச்ச வாசனை ஒண்ணு வரும், மூக்குக்குள்ள ஏறி ஒக்காந்துக்கும். இப்பக்கூட காடி வாசனை வந்தா எனக்கு அந்த லேப்தான் ஞாபகம் வருது.

மைக்ராஸ்கோப் மொத்த கிளாஸுக்கும் ஒண்ணுதான். அடியில ஒரு குட்டிக் கண்ணாடி. அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் புடிக்கணும். வெயிலு எதிர்ல ராஜகிரிக் கோட்டைப் பாறையில பட்டு ஜன்னல் வழியா வந்துச்சு, அதைத்தான் டீச்சர் உள்ள அனுப்பினாங்க. நான் கண்ணை வெச்சேன். மொதல்ல என் கண் இமைதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் ஒரே ரோஸ் கலரு. அப்புறம் மெதுவா, கட்டுன சுவரு மாதிரி அறை அறையா செல்லுங்க வந்து நின்னுதுங்க.

டீச்சர் என் காதுகிட்ட குனிஞ்சு சொல்லிக்கிட்டே வந்தாங்க. "உருண்டையா, நடுவுல பொட்டு வெச்ச மாதிரி இருக்குதே, அதெல்லாம் சும்மா இருக்கிற செல்லு. பிரியறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ஒவ்வொரு நூலும் தன்னை மாதிரியே இன்னொண்ணு பண்ணி வெச்சுக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் நூலுங்க தடிச்சுத் தெரியும், பாரு, சிக்கு விழுந்த நூல் கண்டு மாதிரி. அது புரோநிலை. அடுத்தது நடுவுல வரிசையா வந்து நிக்கும். அது மெட்டாநிலை. அப்புறம் ஜோடி பிரிஞ்சு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் நகரும். அனாநிலை. கடைசியில ரெண்டு உருண்டை, நடுவுல ஒரு சுவரு. டீலோநிலை."

"பாதி பாதியாப் போனா கொறைஞ்சு போயிடாதா டீச்சர்?"

"அதுக்குத்தானே முன்னாடியே இன்னொண்ணு பண்ணி வெச்சுக்குது. வெங்காயத்துக்குப் பதினாறு நூலு. பிரிஞ்ச பின்னாடி இதுலயும் பதினாறு, அதுலயும் பதினாறு. எதுக்கும் எதுவும் கொறையாது."

நான் கண்ணை எடுக்கல. ஒரு செல்லுல நூலுங்க பிரிஞ்சு போயிக்கிட்டு இருந்த நேரத்துல அப்படியே நின்னு போயிருந்துச்சு, ரெண்டு பக்கமும் கையை நீட்டிக்கிட்டு. ஜடையை யாரோ இழுத்தாங்க. எனக்கு எதுவும் உறைக்கல. அண்ணி வயித்துல ரெண்டு எடத்துல கேட்ட துடிப்புதான் நெனைப்புல இருந்துச்சு.

எல்லாரும் போன பின்னாடி, ரெட்டைப் புள்ளை எப்படி உண்டாவுதுன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். அவங்க உக்காந்து பொறுமையா சொன்னாங்க. "நாமளும் ஆரம்பத்துல ஒரே ஒரு செல்லுதான். அது ரெண்டாகி, நாலாகி, பிரிஞ்சதெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரு கொழந்தையாவும். எப்பவாவது அந்த மொத நாளுங்கள்லயே ரெண்டாப் பிரிஞ்சு தனித்தனியா வளர ஆரம்பிச்சுட்டா, ஒரே மாதிரி ரெட்டை. இல்லன்னா தாய் வயித்துல ரெண்டு முட்டை ஒரே சமயத்துல வந்திருந்தா, அது வேற மாதிரி ரெட்டை. எதுவா இருந்தாலும் அம்மாவுக்கு நாள் தள்ளிப் போறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போற சமாச்சாரம்."

"அப்ப ரெட்டை வாழைப்பழம்?"

டீச்சர் சிரிச்சாங்க. "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." சாமானை எடுத்து வெச்சுக்கிட்டே, "நானும் தின்ன மாட்டேன்தான். பழக்கம், இன்னா பண்றது"ன்னாங்க. அவங்களை எனக்கு ரொம்பப் புடிச்சுப் போனது அந்த நிமிஷத்துலதான்.

அன்னி சாயங்காலம் அத்தை முறத்துல மல்லாட்டை வெச்சு ஒடைச்சுக்கிட்டு இருந்துச்சு. உங்கள்ல யாருக்காவது பேரு மறந்திருந்தா, வேர்க்கடலைதான். மூட்டையை வாங்கிட்டு வந்து வீட்ல ஒடைச்சு, பருப்பைத் திருப்பிக் குடுக்கறது அத்தையோட வேலை. கட்டைவிரல் நகம் எப்பவும் மண்ணு கலர்ல இருக்கும். பாறை எல்லாம் பகல் பூரா வாங்கின சூட்டைத் தெருவுக்குள்ள விட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் எதிர்ல ஒக்காந்து ஒண்ணை எடுத்து நீட்டினேன்.

"அத்த, இதுக்குள்ள எத்தினி இருக்குது?"

"ரெண்டு."

"இதுல?"

"ரெண்டுதான். இது கூடத் தெரியாமத்தான் பிளஸ் ஒன் படிக்கிறியா?"

"எல்லாம் ரெட்டை ரெட்டையா இருக்குதே, மல்லாட்டை இன்னா பழம் தின்னுச்சு?"

அத்தைக்கு சிரிப்பு பீறிக்கிட்டு வந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அது சிரிச்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன். அடக்கிக்கிட்டு, "போடி இவளே"ன்னுச்சு. நான் விடல. டீச்சர் சொன்னதை எல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். ஒரு செல்லு, ரெண்டு செல்லு, நூலு, நடுவுல சுவரு. "அண்ணி வல்லத்துல பழம் தின்னப்ப மூணு மாசம். அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள ரெண்டா ஆயாச்சு. பழம் பாட்டுக்கு வயித்துக்குப் போச்சு, அவ்வளவுதான்"னேன்.

அத்தையோட கை நின்னு போச்சு. முறத்தைப் பார்த்துக்கிட்டே கேட்டுச்சு.

"அஞ்சாம் மாசத்துல தின்னா?"

"யாரு தின்னா?"

"கேட்டதுக்குச் சொல்லுடி. அஞ்சாம் மாசத்துல ஒருத்தி தின்னான்னு வெச்சுக்கோ. அதுக்குள்ள ரெண்டா ஆயிருக்குமா?"

"எப்பவோ ஆயிருக்கும் அத்த."

"நெசமா?"

"நெசமா."

அத்தை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிச்சு. தோளு குலுங்குச்சு. எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் யாரோ ஒருத்தியோட கதையைச் சொல்ற மாதிரி சொல்லுச்சு. மொதப் பிரசவத்துக்கு அம்மா வீடுன்னு இங்கதான் வந்துச்சாம். நடுரூம்தான். வந்து ரெண்டே நாள்ல, ஏழாம் மாசத்துலயே வலி வந்து, ரெண்டு பொண்ணு. காலையில பொறந்ததுங்க, சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சுங்க. பெத்துப் பொழைச்சவளைப் பார்க்க வந்த மாமியாக்காரி, "ரெட்டைப் பழத்தைத் தின்னியா?"ன்னு கேட்டுச்சாம். "தின்னேன்னு சொன்னேன். தின்னே கொன்னுட்டியேன்னா. நானும் ஆமான்னு நெனைச்சுக்கிட்டேன்"னுச்சு அத்தை. அவங்க கூட்டிட்டுப் போவ வரவே இல்ல. எங்க குடும்பமும் வெளிய யாருக்கும் சொல்லல, அப்புறமா கல்யாணமாகி வந்த எங்க அம்மாவுக்குக்கூட.

"மலடின்னு சொல்றாங்களே அத்த, நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"கொன்னவங்கறதுக்கு மலடி பரவால்லடி."

நான் அத்தை மடியில தலையை வெச்சுக்கிட்டு அழுதேன். மல்லாட்டைத் தோலு எல்லாம் என் முடியில ஒட்டிக்கிச்சு. அத்தை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்த வீட்ல ரெட்டை தங்காதுன்னு அது கத்தினது எல்லாம் பயத்துல. அதைத்தான் நாங்க எல்லாரும் பொறாமைன்னு நெனைச்சோம்.

"அதை நான் பார்க்க முடியுமா?"ன்னு கேட்டுச்சு அத்தை. "அந்த ரெண்டா ஆவறது."

டீச்சர் ஒரு வார்த்தைகூடக் கேக்கல, சனிக்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அத்தை நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்துச்சு. லேப் வாசல்ல கோயிலுக்கு மாதிரி செருப்பைக் கழட்டி வெச்சுச்சு. அதுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியல. நான்தான் பின்னாடி நின்னு கையால மூடினேன். வெளிய மலை மேல மேகம் நகர்ந்தா உள்ள இருட்டும், விலகினா வெளிச்சம் வரும். அத்தை ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"வலிக்குமா இதுங்களுக்கு?"

"வலிக்காதுங்கம்மா"ன்னாங்க டீச்சர்.

"சத்தம் போடாம பிரிஞ்சுக்குதுங்க. இதுல எவ கை வெக்க முடியும்?"ன்னுச்சு அத்தை. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. போவும்போது அந்த வில்லையைச் சுத்தி மெழுகு வெச்சு அடைச்சு அத்தைகிட்டயே குடுத்துட்டாங்க. அத்தை அதைப் பஞ்சுல சுத்தி சுருக்குப் பையில வெச்சிருந்துச்சு. கொஞ்ச நாள்ல சாயம் வெளுத்துடும்னு நான் சொல்லல. அது எப்ப எங்க தொலைஞ்சுதோ தெரியாது.

அண்ணி தொண்டூருக்குப் போவல. சீத்தாப்பழம் வர்ற சமயத்துல, ஒரு மத்தியானம் இடுப்பு வலிக்குதுன்னதும், அத்தைதான் ஓடிப்போய் வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. நாளு நிறையல. ரெண்டும் ஆம்பளைப் புள்ளைங்க. சின்னது என் ரெண்டு உள்ளங்கையில அடங்கற அளவுதான். பஞ்சுல சுத்தி, பல்பு சூட்டுல வெச்சாங்க. வீட்ல பெத்திருந்தா கஷ்டம்தான்னு நர்ஸம்மா சொன்னாங்க. அத்தை அந்த பல்பை விட்டு நகரவே இல்ல. கரெண்ட் போனப்ப எல்லாம் சின்னதை எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிச்சு. ரெண்டும் பொழைச்சுதுங்க.

தொட்டில் போடற அன்னிக்கு வீடு நிறைய பொம்பளைங்க. புள்ளை பெத்தவங்கதான் கொழந்தையைத் தொட்டில்ல போடணும்னு, அத்தை அதுவாவே பின்கட்டுல அடுப்புகிட்ட ஒக்காந்துக்கிச்சு. எப்பவும் அப்படித்தான். தாம்பாளத்துல பழம் எடுத்து வெச்சப்ப சீப்புல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. "அய்யோ, இதை ஆம்பளைங்களுக்குக் குடுங்க"ன்னு ஒரு கெழவி பிச்சு ஓரமா வெச்சுது.

அத்தை எழுந்து வந்துச்சு. அந்தப் பழத்தை எடுத்துச்சு. நான் பொறந்ததுலேர்ந்து அது வாழைப்பழம் தின்னு நான் பார்த்ததில்ல. தோலை உரிச்சுச்சு, உள்ள ரெண்டு பழம். ஒண்ணை எடுத்து, எல்லாரும் பார்க்க, மெதுவா மென்னு முழுங்குச்சு.

"எனக்கும் ரெட்டைதான் பொறந்துச்சு. ரெண்டும் பொண்ணு"ன்னுச்சு.

அம்மா அப்படியே சுவத்துல சாஞ்சுடுச்சு. வாசல்ல நின்ன நைனா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டாரு. அந்தக் கெழவிதான் தட்டுத் தடுமாறி, "பேரு வெச்சியாம்மா?"ன்னு கேட்டுச்சு.

"அதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு"ன்னுச்சு அத்தை.

அண்ணி ரெண்டு கொழந்தையையும் தூக்கி நீட்டுச்சு. "பெரிம்மா, நீங்க வந்து போடுங்க." அத்தை கையைப் புடவையில தொடைச்சுக்கிச்சு. பெருசைப் போட்டுச்சு, சின்னதைப் போட்டுச்சு. தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிட்டுத் திரும்பி, மீதி இருந்த பழத்தை என்கிட்ட நீட்டுச்சு.

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்கா?"ன்னு யாரோ பதறினாங்க.

அத்தை அவங்க பக்கம் திரும்பவே இல்ல. "பழம் இன்னாடி பண்ணும், தின்னு"ன்னுச்சு.